பன்னிரண்டு மணிக்குப் பத்து முட்டை

மனப்பாடத்துக்கு ஒரு துணை வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தத் துணை அயலான் காதுக்கு மட்டும் கேட்பதாக இருந்தால்தான் கோபம் வருகிறது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி எம்.பி.பி.எஸ். முதல் வருடம். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போல விரிந்திருக்கிறதே உதரவிதானம், அதில் எந்த வழி எந்த மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் இருக்கிறது என்பதற்கு அவளுக்குக் கிடைத்த சூத்திரம்: 'ஐ ஏட் டென் எக்ஸ் அட் ட்வெல்வ்.' பன்னிரண்டு மணிக்குப் பத்து முட்டை தின்றானாம்! 'ஐ' என்றால் கீழ்ப் பெருஞ்சிரை. 'ஏட்' என்பதை எட்டு என்று கேட்க வேண்டும். 'எக்ஸ்' முட்டை அல்ல, உணவுக்குழாய். அதுவும் அமெரிக்க எழுத்துக்கூட்டலில்தான். பிரிட்டிஷ் முறையில் அந்தச் சொல் 'ஓ'வில் ஆரம்பிக்கும். 'அட்' பெருந்தமனி. இந்தச் சூத்திரத்தை நினைவில் வைக்க இன்னொரு சூத்திரம் வேண்டும்.

புதுச்சேரியில் ப்ரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு இந்த வித்தை புதிதல்ல. எங்களுக்கு ஓர்னிகார் என்று ஒருவர் இருந்தார். ஏழு இணைப்புச் சொற்களை வரிசையாகச் சொன்னால், 'ஆனால் ஓர்னிகார் எங்கேதான் இருக்கிறார்?' என்று காதில் விழும். ப்ரெஞ்சில் 'அல்லது', 'எங்கே' இரண்டுக்கும் ஒரே ஓசை, 'ஊ'. எழுதும்போது ப்ரெஞ்சுப் பிள்ளைகளே தடுமாறுவார்கள். வீட்டில் தமிழ் பேசிய எங்களைக் கேட்கவே வேண்டாம்.

தமிழில் ஏன் கட்டக்கூடாது? எட்டில் சிரை, பத்தில் இரை, பன்னிரண்டில் பெருந்தமனி. இரை போகிற வழிதானே உணவுக்குழாய்! உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்தில் மூன்று, நான்கு, ஐந்திலிருந்து வருகிறது. மூன்றில் தொடங்குது மூச்சு என்றால் போதாதா? குமாஸ்தா வேலை பார்த்த எனக்கே அரை மணி நேரத்தில் இவ்வளவு வந்துவிட்டது. பாடம் நடத்துகிறவர்களுக்கு வராதா?

காரணத்தையும் கூடவே சொல்லலாம். சிரையின் துளை நடுவிலுள்ள தசைநாண் பகுதியில் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது அது விரிந்து, ரத்தம் இதயத்துக்கு ஏற உதவுகிறது. உணவுக்குழாயைச் சுற்றி இருப்பது தசை. அது சுருங்கிப் பிடிப்பதால் வயிற்றுப் புளிப்பு மேலே ஏறாது. பெருந்தமனி உதரவிதானத்தைத் துளைப்பதே இல்லை. பின்பக்கமாகப் போய்விடுகிறது, அதனால் நசுங்குவதில்லை. பத்து முட்டையில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

பரீட்சை ஆங்கிலத்தில்தானே என்பார்கள். இருக்கட்டும். விடைத்தாளில் எழுதப்போவது எண்ணையும் உறுப்பின் பெயரையும். முட்டையை யாரும் எழுதச் சொல்லவில்லை.