பூட்டுவதற்கு முந்தைய நாள்

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. கொரோனா பரவலால் சென்னை, மதுரை, கோவையில் ஞாயிறு தொடங்கி நான்கு நாள் முழு ஊரடங்கு, மளிகைக்கடைகூடத் திறக்காது என்று அரசு அறிவித்தது. மறுநாள் காலை சென்னை கோயம்பேடு சந்தையில் எள் போட்டால் எள் விழாது. ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லை என்று ஆளாளுக்குத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடை இருக்காது என்று சொல்லிவிட்டு, சாமான் வாங்க ஒரே ஒரு பகலைக் கொடுத்தால், வீட்டில் பிள்ளைகளை வைத்திருப்பவர் வேறென்ன செய்வார்? ரேக் காலியாவதற்குப் பேராசையெல்லாம் தேவையே இல்லை. சிலர் மாதத்துக்கு, சிலர் வாரத்துக்கு, சிலர் அன்றாடம் என்று பிரிந்து வருவார்கள் என்ற கணக்கில்தான் கடைக்காரர் சரக்கு எடுக்கிறார். அத்தனை பேரும் ஒரே காலையில் வந்து ஆளுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு கூடுதலாகக் கேட்டால், பத்து மணிக்கே ஓட்ஸ் பாக்கெட்தான் மிஞ்சும். அதிலும் கூடுதலாக வாங்க முடிந்தது கையில் காசு புரண்டவர்களால்தான். அன்றைய கூலியில் கால் லிட்டர் எண்ணெய் வாங்குகிறவர் எதைச் சேர்த்து வைப்பார்? கோயம்பேட்டில் பரவிய தொற்று கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை போனது. மே 5-இல் சந்தையையே மூடினார்கள். 2021 மே மாத ஊரடங்குக்கு முன் இரண்டு நாள் இரவு 9 மணி வரை கடைகளைத் திறக்க விட்டார்கள். கொஞ்சம் தேவலை, ஆனால் கூட்டம் அப்போதும் அம்மியது. காய்கறி வண்டி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதை முதலில் சொல்லிவிட்டு, கடை மூடும் தேதியை அப்புறம் சொல்லியிருக்கலாம்.