ஸ்லிப்பர் ஆர்க்கிட்: காத்திருக்க முடியாதவர் வாங்க வேண்டாம்

வாழை வைத்தவர் ஓராண்டில் தார் வெட்டி விடுகிறார். நெட்டை ரகத் தென்னை வைத்தவர் முதல் பாளைக்கு ஆறேழு ஆண்டு காத்திருக்கிறார். ஜன்னலோரத் தொட்டியில் ஒரு சாண் உயரமே வளரும் ஸ்லிப்பர் ஆர்க்கிட் செடியும் ஏறக்குறையத் தென்னையைப் போலவே காக்க வைக்கும் என்றால் பலர் நம்புவதில்லை. விதையிலிருந்து வந்த கன்று முதல் பூ விட நான்கு, ஐந்து ஆண்டுகள் ஆவது சாதாரணம். போர்னியோ தீவின் கினபாலு மலையைச் சேர்ந்த ராத்ஸ்சைல்டியானம் என்னும் இனம் பத்து ஆண்டுகள்கூட எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவு காலம் பொறுத்திருக்க மனமில்லாதவர்கள் இச்செடியை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது நமது கருத்து. உடனே பூ வேண்டும் என்று கேட்பவரின் பணந்தான் காட்டில் நிற்கும் செடியைப் பிடுங்க வைக்கிறது.

ஏன் இந்தத் தாமதம்?

இதன் தாவரவியல் பெயர் பாபியோபெடிலம். பூவின் கீழிதழ் பை போலக் குழிந்து, செருப்பின் முன்பகுதியை ஒத்திருப்பதால் ஸ்லிப்பர் ஆர்க்கிட் என்ற பெயர் வந்தது. இதன் விதை தூசியைப் போல் மெல்லியது. நெல்லிலும் பயறிலும் இருப்பது போல முளைக்குத் தேவையான உணவு இதன் விதைக்குள் சேமித்து வைக்கப்படவில்லை. காட்டில் ஒரு வகைப் பூசணத்தின் துணையோடுதான் இவ்விதை முளைக்கிறது. சர்க்கரையும் உப்புச் சத்துக்களும் கலந்த அகார் கூழில், கண்ணாடிக் குடுவைக்குள் ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கலாம் என்பதை அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் நட்சன் 1922-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் பிறகே நர்சரிகளில் கன்று உற்பத்தி எளிதாயிற்று.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெலனாப்சிஸ் ஆர்க்கிட்டைத் திசு வளர்ப்பு முறையில் லட்சக்கணக்கில் பெருக்குகிறார்கள். ஸ்லிப்பர் ஆர்க்கிட்டில் வளர்ந்த செடியிலிருந்து அப்படிப் பெருக்குவது கடினம். ஆகவே பெரும்பாலான கன்றுகள் இன்றும் விதையிலிருந்தே வருகின்றன. விலை கூடுதலாக இருப்பதற்கும் இதுவே முக்கிய காரணம்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு தூர் ஒரே முறைதான் பூக்கும். பூத்து முடிந்ததும் அடியிலிருந்து பக்கக் கன்று வெடித்து, அது முதிர்ந்த பிறகே அடுத்த பூ வரும். இதுவும் வாழையைப் போலத்தான். ஆனால் வந்த பூ ஆறு முதல் எட்டு வாரம் வரை வாடாமல் நிற்கும்.

காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியவை

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று பொருளல்ல. இச்செடிக்குத் தண்ணீரைச் சேமித்து வைக்கும் தண்டுக் கிழங்கு கிடையாது. எனவே வேர்ப்பகுதி முற்றிலும் காயக்கூடாது, சொதசொதவென்றும் இருக்கக்கூடாது. மண் உதவாது. மரப்பட்டைத் துண்டு, மரக்கரி, பெர்லைட் ஆகியவற்றைக் கலந்து தொட்டியில் இடலாம். தேங்காய் மட்டைத் துண்டு உபயோகிப்பவர்கள் அதைப் பலமுறை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, உப்பை நீக்கிய பின்பே இட வேண்டும். கலவை மக்கிவிடுமாதலால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது அவசியம்.

உப்பு மிகுந்த போர் தண்ணீர் வேரைக் கெடுக்கும். மழைநீர் சிறந்தது. காலையிலேயே தண்ணீர் விட வேண்டும். இலைக் குருத்தில் நீர் தேங்கி இரவு முழுவதும் நின்றால் குருத்து அழுகி, அத்தனை ஆண்டுப் பாடும் வீணாகும். உரத்தை மிகவும் நீர்த்த நிலையில் கொடுத்தால் போதும்.

கிழக்கு ஜன்னலின் இளவெயில் ஏற்றது. உச்சி வெயில் நேரடியாகப் படக்கூடாது. இலை மஞ்சள் பாய்ந்தால் வெளிச்சம் அதிகம். கரும்பச்சையாகித் துவண்டால் குறைவு என்று அறியலாம். இலையில் வெளிர் திட்டுகள் உள்ள இனங்களுக்கு இரவில் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வெப்பம் பொருந்தும். இலை முழுதும் ஒரே பச்சையாக உள்ள பல இனங்கள், சில வாரங்கள் இரவில் 10 முதல் 13 டிகிரி வரை குளிர்ந்தால்தான் மொட்டு விடும். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் இந்தக் குளிர் தானாகவே கிடைக்கும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் சமவெளி ஊர்களுக்கு இது ஏற்ற செடி அல்ல என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மொட்டு தெரிந்த பின் தொட்டியைத் திருப்பி வைக்கக்கூடாது, காம்பு முறுக்கிக்கொள்ளும்.

அகத்தியமலை தரும் பாடம்

தென்னிந்தியாவில் இயற்கையாக விளையும் ஸ்லிப்பர் ஆர்க்கிட் ஒன்றே ஒன்றுதான். தமிழகமும் கேரளமும் சந்திக்கும் அகத்தியமலைப் பகுதியில் வளரும் அதன் பெயர் பாபியோபெடிலம் ட்ரூரி. மஞ்சள் இதழின் நடுவே பழுப்புக் கோடு ஓடும் அழகிய பூ. இதன் உறவினங்களைக் காண வேண்டுமானால் வடகிழக்கு மாநிலங்களுக்குத்தான் செல்ல வேண்டும். பல காலம் கண்ணில் படாதிருந்த இச்செடி 1970-களில் மீண்டும் கண்டறியப்பட்டது. செய்தி பரவியதும் சேகரிப்போரின் கை அங்கும் நீண்டது. இன்று இது மிகவும் அபாய நிலையில் உள்ள தாவரங்களின் பட்டியலில் இருக்கிறது.

வியட்நாமின் கதை இன்னும் கொடியது. அந்நாட்டின் பெயரையே தாங்கிய வியட்நாமென்ஸ் என்ற இனம் 1999-ஆம் ஆண்டில்தான் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமாயிற்று. சில ஆண்டுகளுக்குள் காட்டில் ஏறக்குறைய அற்றுப்போகும் நிலைக்கு அதைப் பிடுங்கி விற்றுவிட்டார்கள்.

காட்டுச் செடியை அடையாளம் காண்பது கடினமல்ல. ஒடிந்த வேர், பூச்சி கடித்துத் தழும்பேறிய முதிர்ந்த இலை, ஒட்டியிருக்கும் பாசி, தொட்டியில் பழகாமல் புதிதாகச் சொருகிய தோற்றம் ஆகியவை இருந்தால் ஐயப்பட வேண்டும். நர்சரிக் கன்றின் இலைகள் சுத்தமாக, ஒரே சீராக இருக்கும். "பெரிய செடி, அடுத்த மாதமே பூக்கும், விலையும் குறைவு" என்று ஒருவர் சொன்னால், அது யார் வளர்த்த செடி என்று கேட்கத் தயங்கக்கூடாது.

சட்டமும் அரசின் கடமையும்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991 திருத்தத்தின் மூலம் சில செடிகளும் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டும் ஒன்று. 2022 திருத்தத்துக்குப் பின்னும் அது பட்டியலில் நீடிக்கிறது. இதைக் காட்டிலிருந்து பிடுங்குவது குற்றம். வளர்க்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். வாங்குவதும் உரிமம் பெற்ற வியாபாரியிடமே இருக்க வேண்டும். ஆகவே ஆசைப்படுவோர் முதலில் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம்.

ஆனால் தடை மட்டும் போதாது. நேர்மையாக வாங்க விரும்புபவருக்கு நேர்வழி எளிதாகக் கிடைக்காவிட்டால் திருட்டுச் செடிக்கே கிராக்கி ஏற்படும். ட்ரூரி இனத்தைச் சோதனைக்கூடத்தில் பெருக்கும் ஆராய்ச்சி கேரளத்தில் பாலோடு தாவரப் பூங்காவில் நடந்துள்ளது. இத்தகைய நுட்பத்தை நமது மலைப்பகுதி நர்சரிக்காரர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் கற்றுத்தந்து, உரிமம் பெறும் முறையையும் எளிதாக்கினால், குடுவையில் பிறந்த கன்றுகள் நியாய விலைக்குக் கிடைக்கும். மலைவாழ் குடும்பங்களுக்கும் ஒரு வருமானம் உண்டாகும். தோட்டக்கலைத் துறையும் வனத்துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

அதுவரை வளர்ப்போர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உரிமம் பெற்ற இடத்திலிருந்து சிறு கன்றாகவே வாங்கி, வாங்கிய தேதியைத் தொட்டியில் எழுதி வைத்து, நான்கைந்து ஆண்டு பராமரிப்பது. அந்தப் பூவுக்காக எந்த மலையிலும் ஒரு செடி குறைந்திருக்காது.