மகளின் முதுமாணியும் உம்மாவின் காப்பும்



சென்ற வாரம் அஸருக்குப் பின் பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் உம்மா என்னைத் தேடி வந்தார். கையில் நான்காக மடித்த ஒரு கடிதம். உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டார்:

"ராத்தா, சின்னவளுக்கும் இங்கிலாந்தில இடம் கெடச்சிருக்கு. மூத்தவள் படிச்ச அதே படிப்புத்தான். இந்த முறை விக்கிறதுக்குக் காப்பும் இல்ல. காணிய வித்துரவா?"

உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தக் காணி சின்னவளுக்கு வீடு கட்டவென்று வாங்கியது. நமது கிழக்கில் மகளுக்கு வீடில்லாமல் கல்யாணம் பேசுவது எவ்வளவு சிரமம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீடா, படிப்பா? இந்தக் கேள்வி இன்று பல வீடுகளில் நிற்கிறது. எனவே அவருக்குச் சொன்னதை இம்மாதம் உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் மூத்தவளின் கதையைக் கேளுங்கள். வர்த்தகப் பிரிவில் படித்துப் பட்டம் பெற்றவள். நிதியியலில் முதுமாணி படிக்க 2022 ஜனவரியில் இங்கிலாந்து போனாள். கட்டணம் 14,000 பவுண். பாதியைப் போகுமுன் கட்டினார்கள். மீதி 7,000 பவுணை மே மாதம் கட்ட வேண்டும். அப்போது ஒரு பவுண் ஏறக்குறைய 275 ரூபா. 7,000 பவுணுக்கு 19 இலட்சத்து 25 ஆயிரம். வாப்பா கெட்டிக்கார வியாபாரி. 20 இலட்சத்தை வங்கியில் தனியாக எடுத்து வைத்தார். "பிள்ளையின் காசு பத்திரம்" என்று நிம்மதியாக இருந்தார்.

பிறகு நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி விழத் தொடங்கியது. ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. மே மாதமாகும்போது ஒரு பவுண் 440 ரூபாவளவில் நின்றது. அதே 7,000 பவுணுக்கு இப்போது 30 இலட்சத்து 80 ஆயிரம் தேவை! வங்கியிலிருந்த 20 இலட்சத்தில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் பதினொரு இலட்சம் போதவில்லை. காசிருந்தாலும் வங்கிகளில் வெளிநாட்டு நாணயம் எடுப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது.

அடகு வைக்கலாம் என்றார்கள் சிலர். வட்டிக்குப் பயந்து உம்மா சம்மதிக்கவில்லை. கையிலிருந்த காப்புகளைக் கழற்றி விற்றுவிட்டார். அங்கேதான் ஓர் அதிசயம். பவுண் ஏறியது போலவே தங்கத்தின் விலையும் ஏறியிருந்தது. உலகச் சந்தையில் தங்கத்துக்கு டொலரில்தான் விலை. ரூபா விழ விழ இங்கே தங்கம் ஏறும். மகள் தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னாளாம்: "உம்மா, வாப்பா பேங்கில வெச்ச காசு கரைஞ்சி போச்சி. நீங்க கையில போட்டிருந்ததுதான் தப்பிச்சது. நாணயம் மாறுற ஆபத்தப் பத்தித்தான் இந்த மாசம் வகுப்பில படிச்சம். நம்மட வீடுதான் அதுக்கு உதாரணம்."

சகோதரிகளே! நிதியியல் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கே தேடுவேன்? நாளை வரும் பணத்துக்கு இன்று என்ன பெறுமதி, இலாபத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஆபத்து எவ்வளவு என்று அளக்கும் கல்விதான் அது. ஹரி மார்க்கோவிட்ஸ் என்ற அமெரிக்கர் 1952இல் ஒரு கட்டுரை எழுதினார். செல்வத்தை ஒன்றிலே முடக்காமல், ஒன்றோடொன்று சேர்ந்து விழாத பலவற்றில் பிரித்து வைத்தால் ஆபத்து குறையும் என்பதைக் கணக்கால் காட்டினார். 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொஞ்சம் தங்கம், கொஞ்சம் காணி, கொஞ்சம் சீட்டு என்று பிரித்து வைக்கும் நமது உம்மாமாருக்கு இது புதிதா என்ன? கணக்குத்தான் புதிது.

ஆனால் அந்தக் கணக்கு இலேசானதல்ல. நிதியியல் முதுமாணியில் புள்ளிவிபரவியலும் கணிதமும் நிறைய வரும். கணினியில் தரவுகளை ஆராயவும் பழக வேண்டும். இங்கிலாந்தில் இது பெரும்பாலும் ஒரே வருடப் படிப்பு. வகுப்புகள், பரீட்சைகள், கடைசியில் ஓர் ஆய்வுக் கட்டுரை. மூச்சு விட நேரமில்லை. டிசம்பரில் லண்டனில் பிற்பகல் 4 மணிக்கு முன்பே மஃரிப் ஆகிவிடும். அந்த இருட்டில் தனியறையில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டு நினைவு எப்படி வரும்! படிப்பில் விருப்பமில்லாத பிள்ளையை "வெளிநாட்டுப் பட்டம்" என்ற பெயருக்காக அனுப்பாதீர்கள்.

விருப்பமும் திறமையும் உள்ள பிள்ளையா? அப்படியானால் ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலாவது, கணக்கை ரூபாவில் எழுதாதீர்கள். பவுணில் எழுதுங்கள். நிதியியல் முதுமாணிக்கு வெளிநாட்டு மாணவர் கட்டும் தொகை, பல இடங்களில் 20,000 பவுண் அளவில் இருக்கும். லண்டனின் பெயர்பெற்ற கல்லூரிகளில் 40,000 பவுணையும் தாண்டும். தவணையாகக் கட்டுவதென்றால், ரூபா விழுந்தால் என்ன செய்வோம் என்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். கால் பங்காவது மேலதிகமாக இல்லாவிட்டால் புறப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டாவது, விஸாவுக்குக் காட்டும் பணம். 2025 நவம்பரில் வந்த விதிப்படி, கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,171 பவுண் வீதமும், லண்டனில் படிப்பதானால் 1,529 பவுண் வீதமும், 9 மாதங்களுக்குக் காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே இது 10,539 பவுண். அப்பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கிலே குறையாமல் இருக்க வேண்டும். காணி உறுதியையும் நகையையும் அவர்கள் பணமாகக் கொள்வதில்லை. பிள்ளையின் கணக்கில் அல்லது பெற்றோரின் கணக்கில் இருக்கலாம். பெற்றோரின் கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். "28 நாளைக்குக் காசு போட்டுத் தருகிறோம்" என்று சில முகவர்கள் வருவார்கள். கிட்டவும் எடுக்காதீர்கள். பொய்யில் தொடங்கும் பயணத்தில் பரக்கத்தும் இராது; பிடிபட்டால் விஸாவும் கிடையாது. இவற்றோடு, வருடத்துக்கு 776 பவுண் வீதம் சுகாதாரக் கட்டணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, "அங்கே போய் உழைத்துக் கட்டலாம்" என்ற பேச்சு. படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். முதுமாணி மாணவருக்கு ஆய்வுக் கட்டுரை எழுதும் கோடைகாலமும் பொதுவாகப் படிப்புக் காலம்தான், விடுமுறை அல்ல. இந்த உழைப்பு சாப்பாட்டுக்கு உதவும். கல்விக் கட்டணத்துக்கு ஒருபோதும் போதாது.

நான்காவது, திருமணமான சகோதரிகள் கட்டாயம் அறிய வேண்டியது. 2024 ஜனவரி முதல், இத்தகைய முதுமாணி படிக்கப் போகிறவர் பொதுவாகக் கணவரையோ பிள்ளைகளையோ தம்மோடு தங்க விஸா எடுத்துக் கூட்டிச் செல்ல முடியாது. பழைய கதையைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். படித்து முடித்தபின் தங்கி வேலை தேட இரண்டு வருட விஸா கிடைத்து வந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதங்களாகக் குறைகிறது.

ஐந்தாவது, முகவர். அவருக்குப் பல்கலைக்கழகங்கள் தரகு கொடுக்கின்றன. தரகு தரும் இடத்தைத்தான் அவர் புகழ்வார். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரித்தானிய அரசாங்கமே வெளியிடுகிறது. அதிலே பெயர் இருக்கிறதா, விஸா மறுக்கப்பட்டால் முற்பணம் திரும்பி வருமா என்று எழுத்தில் பார்த்தபின் பணம் அனுப்புங்கள்.

இன்னொன்று. "வட்டியைப் பற்றிய படிப்பல்லவா?" என்று சிலர் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானதே. ஆனால் அறிந்தவர்தானே மாற்று வழியைக் கட்ட முடியும்? இஸ்லாமிய நிதியியலைக் கற்பிக்கவென்றே மலேசிய மத்திய வங்கி 2005இல் கோலாலம்பூரில் இன்செய்ஃப் என்ற நிறுவனத்தை உருவாக்கியது. பிரித்தானிய அரசாங்கமே 2014இல் 20 கோடி பவுணுக்கு ஸுகூக் வெளியிட்டது. நமது நாட்டிலும் 2011இல் அமானா வங்கி வட்டியில்லா வங்கியாகத் தொடங்கியது. படித்த கைகள் இங்கெல்லாம் தேவைப்படுகின்றன.

புலமைப்பரிசிலையும் மறக்க வேண்டாம். செவனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். எனவே பட்டம் முடித்த கையோடு ஓடாமல், இரண்டு வருடம் இங்கே வேலை செய்துவிட்டு விண்ணப்பிப்பதில் நட்டமில்லை. அனுபவத்தோடு போகும் பிள்ளைக்கு வகுப்பும் நன்றாக விளங்கும்.

இவையெல்லாவற்றையும் அந்த உம்மாவுக்குச் சொன்னேன். "மூத்தவளுக்குச் செலவழித்ததை நினைத்துக் கவலைப்படுகிறீர்களா?" என்றும் கேட்டேன். சிறிது நேரம் வெறுங்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இல்ல ராத்தா. அவள் இப்ப கொழும்பில நல்ல வேல. வாப்பாட கடைக் கணக்கையும் அவள்தான் பாக்கிறாள். வீடு மட்டும் இன்னும் அத்திவாரத்தோட நிக்கிது. அதுக்கும் மாசாமாசம் அவள்தான் சீமெந்துக்குக் காசு அனுப்புறாள்."

"அப்படியென்றால் காணியை விற்குமுன் அவளையே கேளுங்கள். இந்தக் கணக்கை உங்களுக்கு என்னைவிட நன்றாகப் போட்டுத் தர அவளால் முடியும்" என்றேன்.

மறுநாள் செய்தி வந்தது. காணி விற்கப்படவில்லை. சின்னவள் கொழும்பில் ராத்தாவோடு தங்கி இரண்டு வருடம் வேலை செய்வாளாம். பிறகு புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிப்பாளாம். சின்னவளுக்குக் கொஞ்சம் கோபம்தான். மூத்தவள் அவளிடம் சொன்னாளாம்: "நான் படிச்சது உம்மாட காப்பில. நீ அப்படிப் படிக்கத் தேவயில்ல."

சகோதரிகளே! மகளின் படிப்புக்காக உங்கள் கையிலிருப்பதைக் கழற்றுமுன், ஓர் இரவு அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்கை எழுதுங்கள். என்ன செலவாகிறது என்பதை அவளும் அறியட்டும். அதுவே அவளுக்கு முதற் பாடம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.