விண்மீன்களும் ராசிகளும்



ஜும்ஆவுக்குக் குளித்துப் புத்தாடை அணியும் நம் இல்லத்தார் சிலர், அதே காலையில் நாளிதழைப் பிரித்து ராசி பலனையும் பார்த்துவிடுகின்றனர். கேட்டால், “வேடிக்கைக்காகத்தான்” என்பர். ஆனால், மகளுக்கு நல்லதோர் இடத்திலிருந்து சம்பந்தம் வரும்போது, “மாப்பிள்ளைக்கு என்ன ராசி?” என்ற கேள்வி மெல்ல எழுகின்றது. மார்க்கப்பற்றும் நற்குணமும் உடைய பிள்ளை என்று ஊரார் சான்று கூறியும், நட்சத்திரம் பொருந்தவில்லை என எவரோ சொன்ன ஒரு சொல்லால் பெண்ணின் நிகாஹ் தள்ளிப்போகுமானால், அதை வேடிக்கை என்று எவ்வாறு கூறுவது? ஆகவே, ராசி என்பது யாது, வானத்து விண்மீனுக்கும் அதற்கும் உள்ள உறவு யாது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சூரியன் ஓராண்டில் வானைச் சுற்றி வருவதாக நமக்குத் தோன்றும் பாதை 360 பாகை. அதனைச் சோதிடர் 12 சம பங்குகளாக்கி, பங்கு ஒன்றுக்கு 30 பாகை வீதம் அளித்து ராசி என்றனர். அரபியில் இவற்றுக்கு புரூஜ் என்று பெயர். மேஷம் அங்கே ஹமல், சிம்மம், அஸத், விருச்சிகம், அக்ரப், மீனம், ஹூத். இப்பெயர்கள் யாவும் அப்பாதையில் தென்பட்ட விண்மீன் கூட்டங்களின் பெயர்களே. ஆனால், அக்கூட்டங்களோ சமமானவை அல்ல. இன்றைய வானியலார் வகுத்த எல்லைகளின்படி, கன்னியைக் கடக்கச் சூரியனுக்கு 40 நாட்களுக்கு மேல் ஆகின்றது. விருச்சிகத்தையோ ஏறத்தாழ ஒரு வாரத்தில் கடந்துவிடுகின்றது. அதன்பின் டிசம்பர் மாதத்தின் முற்பாதியில் அது செல்லும் கூட்டம், பாம்பைப் பற்றி நிற்கும் மனிதனாக உருவகிக்கப்பட்டது. அரபு வானியலார் அதனை அல்ஹவ்வா என்றனர். பன்னிரண்டு ராசிகளில் அதற்கு இடமே இல்லை!

இனி, மற்றொரு செய்தியைக் கவனியுங்கள். பூமியின் அச்சு, சுழலும் பம்பரத்தின் தலையைப் போல மிக மெதுவாக வட்டமிடுகின்றது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 26,000 ஆண்டுகள் ஆகும். இதனால், இரவும் பகலும் சமமாகும் மார்ச் மாத நாளில் சூரியன் நிற்கும் இடம், விண்மீன்களின் நடுவே 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்கின்றது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் ஹிப்பார்க்கஸ் இதனைக் கண்டறிந்தார். அக்காலத்தில் மேஷ ராசியின் தொடக்கமாக இருந்த அவ்விடம், இன்று மீனக் கூட்டத்தினுள் இருக்கின்றது.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். ரய் நகரில் பிறந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, கி.பி. 964-இல் நிலையான விண்மீன்களைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். டாலமியின் பட்டியலிலுள்ள 48 கூட்டங்களையும் அவர் ஆராய்ந்து, விண்மீன்களின் ஒளியைத் தாமே கண்டு திருத்தினார். அவை எட்டு நூற்றாண்டுகளில் இடம்பெயர்ந்திருந்ததைக் கணக்கிட்டு, டாலமி தந்த அளவுகளோடு 12 பாகை 42 கலை கூட்டினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் கணக்கிட்ட நகர்ச்சி இது!

இந்நகர்ச்சியைச் சோதிடர்களும் அறிவார்கள். மேலைநாட்டவர், “எங்கள் ராசிகள் பருவங்களைச் சார்ந்தவை, விண்மீன்களைச் சார்ந்தவை அல்ல” என்கின்றனர். நம் நாட்டுப் பஞ்சாங்கக்காரரோ, விண்மீன்களைக் கருதி, ஏறத்தாழ 24 பாகை கழித்துக் கணிக்கின்றனர். இதன் விளைவு யாது? ஏப்ரல் 5-ஆம் நாள் பிறந்த குழந்தைக்குச் சூரியன் மேலைநாட்டு முறையில் மேஷத்தில். பஞ்சாங்க முறையில் மீனத்தில். ஒரே குழந்தை, ஒரே வானம். ஆனால் இரண்டு விதமான விதிகள்! ராசி விண்மீனைச் சார்ந்ததன்று என்றால், சிம்ம ராசிக்காரருக்குச் சிங்கத்தின் குணம் எங்கிருந்து வந்தது? விண்மீனைச் சார்ந்ததென்றால், சமமற்ற கூட்டங்களைச் சமமாக வெட்டியவர் யார்?

கூட்டம் என்பதும் நம் கண்ணின் தோற்றமே. ரிஷபத்தின் கண்ணாகத் திகழும் ரோகிணியை அரபியர் அத்தபரான் என்றனர். அது நமக்கு 65 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதனைச் சூழ்ந்து ரிஷபத்தின் முகமாகத் தோன்றும் மீன்களோ ஏறத்தாழ 150 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளன. அருகருகே இல்லாதவற்றை நாம் கோடிட்டு இணைத்து, பெயரிட்டு, பின்பு அப்பெயருக்கே அஞ்சுகின்றோம்.

இக்கணக்குகள் எல்லாம் ஒருவேளை பிழையின்றிப் பொருந்தியிருந்தாலும், முஸ்லிமுடைய விடை மாறாது. ஹிஜ்ரி 6-இல் (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் ஓரிரவு மழை பெய்தது. இறையருளால் மழை பொழிந்தது என்றவர் இறைவனை நம்பியவர் என்றும், இன்ன விண்மீனால் பொழிந்தது என்றவர் அவனை நிராகரித்து விண்மீனை நம்பியவர் என்றும் இறைவன் கூறியதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஹிஜ்ரி 10-இல் (கி.பி. 632) அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரியகிரகணம் ஏற்பட, மக்கள் இரண்டையும் இணைத்துப் பேசினர். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை என்று, துயரம் நிறைந்த அவ்வேளையிலும் நாயகம் (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். தம் மகனுக்காகவும் வானம் அசையவில்லை என்று கூறிய நபியின் உம்மத்தாகிய நாம், நம் மகளின் வாழ்வை ராசியிடம் ஒப்படைக்கலாமா?

விண்மீன்களை அறிவது குற்றமன்று, அது நற்கல்வியே. தரையிலும் கடலிலும் இருளில் வழியறியவே அவை படைக்கப்பட்டன என்று திருமறை (6:97) உணர்த்துகின்றது. கிப்லாவின் திசையையும் தொழுகையின் நேரத்தையும் கணிக்க நம் முன்னோர் வானியலைப் பயன்படுத்தினர். வழிகாட்டும் விளக்கை வாழ்வளிக்கும் எசமானாகக் கருதுவதே தவறு.

ஆகவே, பெற்றோர்களே! சம்பந்தம் வந்தால் பிள்ளையின் தொழுகையையும் நேர்மையையும் உழைப்பையும் விசாரியுங்கள். பெண்ணின் சம்மதத்தைக் கேளுங்கள். மனம் தடுமாறினால் பால்கிதாபையும் பஞ்சாங்கத்தையும் நாடாமல், நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த இஸ்திகாரா தொழுகையைத் தொழுது, இறைவனிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். ராசியின் பேரால் தள்ளிப்போட்ட நிகாஹ் ஏதேனும் உங்கள் இல்லத்தில் இருக்குமானால், இன்றே அப்பேச்சை மீண்டும் தொடங்குங்கள்.

விண்மீன்களைப் படைத்தவனையே அஞ்சி, அவனையே சார்ந்து வாழும் பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.