கோட்டு மாப்பிள்ளைக்கு எந்தப் பூட்சு?

கல்யாண வரவேற்பு என்றால் மாப்பிள்ளைக்குக் கோட்டு வேண்டும் என்று ஆகிவிட்டது. பட்டணத்தில் மட்டும் அல்ல. மரக்காணம் உப்பளக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கீழ்புத்துப்பட்டு போன்ற ஊர்களிலும் இதுதான் வழக்கம்.

கோட்டுக்கு அளவு கொடுக்கத் தையற்காரரிடம் இரண்டு நடை, மூன்று நடை போகிறார்கள். பூட்சை மட்டும் கடைசி நாளில் அவசரமாக வாங்குகிறார்கள். பளபளப்பைப் பார்க்கிறார்கள். விலையைப் பார்க்கிறார்கள். காலைப் பார்ப்பது இல்லை!

நிறமெல்லாம் பிறகுதான். முதலில் பார்க்க வேண்டியது அகலம்.

விரிந்த பாதம்

உப்பளத்தில் பாத்தியின் தரையைக் காலால் மிதித்துத்தான் கெட்டிப்படுத்துகிறார்கள். உப்புத் தண்ணீரில் நின்றுதான் உப்பு வாருகிறார்கள். சின்ன வயது முதல் வெறுங்காலோடு நடந்தவரின் பாதம் முன்பக்கம் விரிந்து இருக்கும். விரல்கள் தள்ளித் தள்ளி நிற்கும். இது குறை அல்ல. கால் இயற்கையாக வளர்ந்தால் அப்படித்தான் இருக்கும். குறை கூர்முனைப் பூட்சில்தான் இருக்கிறது!

எட்டாம் எண் இறுக்குகிறது என்று ஒன்பதை வாங்குகிறார்கள். நீளம் கூடுகிறது. விரல்கள் அப்போதும் நெருங்குகின்றன, குதிகால் கழலுகிறது. மாப்பிள்ளை மேடையில் நொண்டுகிறார்.

ஒரு சுலபமான வழி உண்டு. காகிதத்தின் மேல் நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். அதை வெட்டிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பூட்சின் அடிப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காகிதம் வெளியே நீட்டினால், அந்தப் பூட்சு வேண்டாம். மாலையில் வாங்குவது நல்லது. பகல் முழுவதும் நடந்த கால் அப்போது சற்று வீங்கி இருக்கும்.

போட்டோவுக்காக அப்பாவுக்கும் பூட்சு மாட்டிவிடுகிறார்களே, அதில்தான் அதிக கவனம் வேண்டும். அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தால், காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கொப்புளம் விழுந்ததே தெரியாது. அது ஆறாத புண்ணாகிவிடும்.

நிறமும் கயிறும்

கறுப்புக் கோட்டுக்குக் கறுப்புப் பூட்சு. நீலக் கோட்டுக்குக் கறுப்பும் சேரும், காப்பிக்கொட்டை நிறமும் சேரும். இடுப்பு வாரும் பூட்சும் ஒரே நிறமாக இருக்கட்டும். காலுறை முழுக்கால்சட்டையின் நிறத்தில் இருக்கட்டும்.

கோட்டுக்குக் கயிறு கட்டும் பூட்சுதான் சரி என்பது மேல்நாட்டு விதி. நம் மாப்பிள்ளையோ கோயில் வாசலில் கழற்ற வேண்டும், மணமேடையில் கழற்ற வேண்டும், மாமியார் வீட்டு வாசலிலும் கழற்ற வேண்டும். குனிந்து குனிந்து முடிச்சு அவிழ்க்கவா கல்யாணம்? கயிறு இல்லாத பூட்சே போதும்.

வேட்டி மட்டமா?

கோட்டு இல்லாவிட்டால் மரியாதை இல்லை என்பது வீண் பேச்சு. 2014 ஜூலையில் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவுக்கு உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் வேட்டி கட்டிச் சென்றார். அவரை உள்ளே விடவில்லை! நாடே பேசியது. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியது. வேட்டியைக் காரணம் காட்டிப் பொது இடத்தில் தடுத்தால் சிறை உண்டு, 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

பட்டு வேட்டிக்குப் பூட்சு பொருந்தாது. நல்ல தோல் செருப்பு போதும். விரிந்த பாதம் அதில் தாராளமாக உட்காரும். கடன் வாங்கிக் கோட்டும் பூட்சும் எடுக்கிற வீட்டார் இதை ஒரு முறை யோசிக்கலாம்.

பூட்சுதான் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக்காற்று தோலுக்குப் பகை. வரவேற்பு முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடித்துவிடும்.