எந்த மண்ணின் கத்தரிக்காய்?

உள்ளூரில் விளைந்த உணவையே வாங்குங்கள் என்று ஒன்ராறியோ மாகாண அரசு 1977ஆம் ஆண்டு முதல் விளம்பரம் செய்து வருகின்றது. இப்பொழுது எம்மவரின் இளைய தலைமுறையினரும் அதையே வீட்டில் பெற்றோருக்கு எடுத்துரைக்கின்றனர். விமானத்தில் வந்த முருங்கைக்காயைத் தாய் வாங்கி வந்தால், பிள்ளை சூழல் மாசடைவது பற்றிப் பேசுகின்றது. முருங்கைக்காய் இல்லாத குழம்பும் ஒரு குழம்பா என்று தாய் கேட்கின்றார். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் இருவரும் தூரத்தை மட்டுமே அளக்கின்றனர் என்பது எமது கருத்து.

உள்ளூர் விளைச்சலின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. நேற்றுப் பறித்த கீரைக்கும் பத்து நாள் குளிர்பெட்டியில் கிடந்த கீரைக்கும் உள்ள வேறுபாட்டைச் சந்தைக்குப் போய்ப் பழகிய எம்மவருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஆடி, ஆவணி மாதங்களில் விலையும் இறங்கிவிடும். அகதிக் கோரிக்கை முடிவாகாமல் நிலவறை வீடொன்றில் குடும்பம் நடத்துபவருக்கு விலையே முதற் கேள்வி என்பதை நாம் மறக்கலாகாது.

ஆனால் ‘உள்ளூர்’ என்பதன் பொருள் யாது? விற்கப்படும் மாகாணத்திலேயே விளைந்தது உள்ளூர் உணவு என்று கனடிய உணவுப் பரிசோதனை முகவரகம் 2013இல் வகுத்தது. இதன்படி, ரொறன்ரோவிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள லீமிங்ரன் பசுமைக்கூடத்துத் தக்காளியும் உள்ளூர்த் தக்காளியே. வெளியே பனி உறைந்திருக்க, எரிவாயுவால் சூடாக்கப்பட்ட கண்ணாடிக் கூரையின் கீழ் அது பழுக்கின்றது. பிரித்தானிய அரசுக்காக 2005இல் செய்யப்பட்ட ஆய்வொன்று, சூடாக்கிய கூடங்களில் அந்நாட்டில் விளைந்த தக்காளியைவிட ஸ்பெயினிலிருந்து பாரவூர்தியில் வந்த தக்காளியே குறைந்த கரிவாயுவை வெளியிட்டதெனக் கண்டது. அமெரிக்காவில் 2008இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, உணவினால் உண்டாகும் வெப்ப வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 11 வீதமே. உற்பத்தியின் பங்கு 83 வீதம்.

எனவே எவ்வளவு தூரம் வந்தது என்பதைவிட எதில் வந்தது என்பதே பெரிய கேள்வி. ஒரு தொன் உணவை ஒரு கிலோமீற்றர் கொண்டுசெல்ல, கப்பலைவிட விமானம் ஏறத்தாழ 50 மடங்கு கரிவாயுவை வெளியேற்றுகின்றது. முருங்கைக்காய் விடயத்தில் பிள்ளையின் வாதம் நிற்கின்றது. ஆனால் கப்பலில் வரும் ஒடியல் மா, பனங்கட்டி, மொட்டைக்கறுப்பன் அரிசி ஆகியவற்றுக்கு அவ்வாதம் பொருந்தாது.

இன்னொன்று, யார் பறித்தது என்பது. லீமிங்ரன் கூடங்களிலும் ஒன்ராறியோத் தோட்டங்களிலும் வேலை செய்வோரில் மெக்சிக்கோவிலிருந்தும் யமேக்காவிலிருந்தும் வரும் பருவகாலத் தொழிலாளர் பல்லாயிரவர். 1966இல் யமேக்காவுடன் தொடங்கிய இத்திட்டத்தில் 1974இல் மெக்சிக்கோ சேர்ந்தது. ஆண்டில் எட்டு மாதங்களுக்கு மேல் அவர்கள் இங்கு தங்க இயலாது. குடும்பத்தை அழைத்துவர இயலாது. வேலை அனுமதி அவர்களைத் திட்டத்துக்குள்ளும் முதலாளியிடமும் கட்டிப்போடுகின்றது. 2020இல் கொரோனாத் தொற்று நெரிசலான அவர்களது விடுதிகளில் பரவி, ஒன்ராறியோவில் மூன்று மெக்சிக்கோத் தொழிலாளர்கள் மாண்டனர். வதிவிட உரிமை என்ற சொல்லின் பாரம் அறிந்த சமூகம் நாம். ‘உள்ளூர்’ என்ற அட்டையைப் பார்த்தவுடன் மனச்சாட்சி தெளிந்துவிட்டதென எண்ண எம்மால் இயலவில்லை.

இறக்குமதியைத் தவிர்த்து உள்நாட்டு விளைச்சலை உண்பது எம்மவருக்குப் புதிய பாடமன்று. தாயகத்தில் அதை அரச கட்டளையாகவே அனுபவித்தோம். 1970 முதல் 1977 வரை ஆட்சி செய்த சிறிமாவோ அரசு, மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத் தோட்டக்காரன் தலைநிமிர்ந்தான். விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் இளைஞர் காடு வெட்டி மிளகாய் நட்டனர். செத்தல் மிளகாய் விற்ற காசில் கல்வீடுகள் எழுந்தன. அதே ஆண்டுகளில் பாணுக்கு வரிசை நின்றதையும் நாம் மறக்கவில்லை. உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, பங்கீடு குறைந்த 1974இல் மலையகத் தோட்டங்களில் எம் உறவுகள் பட்டினியால் மடிந்தனர். நிலம் இருந்தவனைக் காத்த கொள்கை, நிலமற்றவனைக் காக்கவில்லை. பின்னர் 1977இல் ஜெயவர்த்தனா அரசு இறக்குமதிக் கதவைத் திறந்தபோது, தோட்டக்காரனின் விலை சரிந்தது.

இந்த அனுபவத்தோடு பார்க்கையில், முழுவதும் உள்ளூர் என்பதும் முழுவதும் இறக்குமதி என்பதும் எமக்கு உவப்பானவையல்ல. கோடையில் கத்தரி, வெண்டி, பயிற்றை, பூசணி ஆகியன இங்கேயே விளைகின்றன. ஸ்காபரோவில் எம்மவர் வீட்டுப் பின்வளவுகளில் பந்தலில் தொங்கும் புடலங்காயும் பாவற்காயுமே அதற்குச் சாட்சி. ஒன்ராறியோவின் வைன்லாண்ட் ஆராய்ச்சி நிலையம், குடியேறியோர் உண்ணும் வெண்டி, நீளக் கத்தரி முதலியவற்றை வணிக அளவில் பயிரிடும் முறைகளை ஆராய்ந்துள்ளது. விவசாயிக்கு வேண்டியது வாங்குவோர் உண்டென்ற உறுதியே. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் எமது கடைக்காரரும் நாமும். கோடையில் கூடத் தொலைநாட்டுக் கத்தரியை அடுக்கி வைத்துவிட்டு, உள்ளூர்ப் பெட்டியை வாங்க ஆளில்லை என்று சொல்லும் கடைகள் உண்டு. கேட்காத பொருளை எவர் கொண்டுவருவார்?

தாயகத்துப் பொருளை வாங்குவதற்கென்று ஒதுக்கும் பணத்தை, விமானக் கூலியில் பாதி கரையும் பச்சை மரக்கறிக்குக் கொடுப்பதைவிட, கப்பலேறி வரும் பனம் பொருளுக்கும் அரிசிக்கும் மிளகாய்த் தூளுக்கும் கொடுக்கலாம். கடைக்காரரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. விலை எழுதும் அட்டையிலேயே, எந்த நாட்டிலிருந்து, விமானத்திலா கப்பலிலா வந்தது என்பதையும் எழுதி வையுங்கள். அதன் பின்னரும் பொங்கலுக்கோ திவசத்துக்கோ இரண்டு முருங்கைக்காய் வாங்கும் தாயைப் பிள்ளைகள் சற்றுப் பொறுத்துக்கொள்ளட்டும்.