ஓசித் தபாலுக்குக் காசு கட்டியவர் யார்?

‘ஓசி’ என்கிறோமே, அது கம்பெனி காலத்தில் கூலியில்லாமல் போன சர்க்கார் தபாலின் முத்திரையிலிருந்து வந்த சொல் என்பார்கள். ஆனால் ஓசி என்று ஒன்று கிடையாது. ஒருவர் கட்டாத காசை இன்னொருவர் கட்டுகிறார்.

இங்கிலாந்தைப் பாருங்கள். 1840க்கு முன் பெரும்பாலும் கடிதம் பெறுகிறவரே கூலி கட்டவேண்டும். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒற்றைத் தாளுக்கே 1 ஷில்லிங்குக்கு மேல்! பிழைக்கப் போன பிள்ளையின் கடிதம் வாசலுக்கு வந்தும், காசில்லாமல் திருப்பியனுப்பிய ஏழைகள் உண்டு. பார்லிமெண்ட் மெம்பரோ உறைமேல் கையெழுத்திட்டுக் கூலியில்லாமல் அனுப்பலாம். நாளுக்கு அனுப்ப 10, பெற 15 என்று வரம்பு இருந்தும், நண்பர்களுக்கும் வியாபாரிகளுக்கும் அந்தக் கையெழுத்து தாராளமாய்ப் போயிற்று. சுமை காசு கட்டியவன் தலையில் விழுந்தது.

ரோலண்டு ஹில் கணக்குப் போட்டுக் காட்டினார். 1840 ஜனவரி 10 முதல் எவ்வளவு தூரமானாலும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 1 பென்னி. அன்றே மெம்பர்களின் சலுகையும் ஒழிந்தது. அமெரிக்காவிலோ 1873ல் ஒழித்த சலுகையை, 1890களில் மெம்பர்கள் தமக்கே மீண்டும் வழங்கிக்கொண்டார்கள்!

நம் எம்.பி.க்களுக்கு ஏ.சி. முதல் வகுப்பு ரயில் பாஸ் உண்டு. 2020 மார்ச்சில், ஊருக்குப் போகும் நம் பாட்டிக்கிருந்த பாதிக் கட்டணச் சலுகையை நிறுத்தினார்கள். எம்.பி. பாஸை நிறுத்தவில்லை.

தொகுதி வேலைக்குப் பயணமும் தபாலும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு மெம்பரின் செலவுக் கணக்கும் மாதாமாதம் மக்கள் முன் வரட்டும்! பாட்டியின் சலுகையைத் திருப்பிக் கொடுக்கட்டும்! கட்டணம் தனக்கு உறைக்காதவன் அதைக் குறைக்கமாட்டான்.